களை நட்டவர்கள்

களை பிடுங்கக் கூலி கொடுப்பது உலக வழக்கம். களை நடுவதற்குக் கூலி கொடுத்த கூத்து தாம்ஹே மாவட்டத்தில் மட்டும்தான் நடந்தது. புதுக் களையெடுப்பு மிஷினின் அறிமுக விழாவுக்கு முந்திய நாள், மே மாதத்து நல்ல வெயிலில், அரசுப் பூந்தோட்டத்தின் நடுப்பாத்தியில்.

அந்தத் தோட்டத்தில் ஐந்து பெண்கள் களையெடுத்து வந்தார்கள். முகம் மறையத் துணித்தொப்பி, கையில் வளைந்த களைக்கொத்து, இடுப்புக்குப் பின்னால் வார் போட்டு மாட்டிய வட்ட மெத்தை. எங்கே குந்தினாலும் ஆசனம் கூடவே வரும். அவர்களுக்குத் தலைவி கும்ரே. அறுபத்தோரு வயது. கோசாங் என்ற ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர் என்பதால் முப்பத்தெட்டு வருடமாக ஊருக்கு அவர் கோசாங்காரம்மா. சொந்தப் பேர் சம்பளப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

"களையை நடணுமா?" என்றார் கோசாங்காரம்மா. "ஏன் மேலாளர் ஐயா, போன வாரம் முழுக்க இடுப்பொடியப் பிடுங்கினோமே, அதை அப்படியே விட்டிருக்கலாமே?"

தோட்ட மேலாளர் யோம் தலையைச் சொறிந்துகொண்டார். "மண்ணு இறுகிக் கிடக்கும்மா. மிஷினோட விரலு இறங்க மாட்டேங்குது. நீங்க மண்ணைக் கொத்திப் பொலபொலன்னு ஆக்கி, வெளியிலேர்ந்து களை கொண்டாந்து வரிசையா நட்டுடுங்க. நாளைக்கு மாகாணத்துலேர்ந்து பெரிய மனுஷங்க வராங்க. அவங்க கண்ணு முன்னாடி மிஷின் அலுங்காம குலுங்காமப் பிடுங்கணும்."

"தண்ணியும் ஊத்தணுமா?" என்று கேட்டாள் பில்சுன். ஐவரில் வாய் நீளமானவள். "பிள்ளை பெத்தவளைப் பார்த்துக்கற மாதிரி பார்த்துக்கணுமோ?"

எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற இன்ஹோவால் சிரிக்க முடியவில்லை. அந்த மிஷினை வடிவமைத்தவன் அவன்தான். முப்பத்து நான்கு வயது. நண்பர்கள் இரண்டு பேரோடு சேர்ந்து தொடங்கிய சின்னக் கம்பெனி, மூன்று வருட உழைப்பு. நாளை எல்லாம் சரியாக நடந்தால் மாவட்டம் பன்னிரண்டு மிஷின்கள் வாங்கும். நடக்காவிட்டால் கம்பெனியைப் பூட்டிவிட்டு மூன்று பேரும் வேறு பிழைப்புத் தேட வேண்டியதுதான்.

"ரொம்ப ஆழமா நடாதீங்க பெரியம்மா. வேர் பிடிக்கக் கூடாது. ஆனா நாளைக்கு மத்தியானம் வரைக்கும் வாடவும் கூடாது" என்றான். சொல்லி முடித்ததும், தான் சொன்னது தன் காதிலேயே விழுந்து கூசியது. அடுத்த மாதம் புது விரல் வந்துவிடும், அப்புறம் எந்த மண்ணிலும் பிடுங்கும், இது ஒரு நாள் ஏற்பாடு என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். ஏமாற்றுகிறவர்கள் எல்லாருக்கும் அது ஒரு நாள் ஏற்பாடுதான்.

பெண்கள் நட்டார்கள். வேண்டாவெறுப்பாக நடத் தெரியாத கைகள் அவை. கோரையும் டாண்டிலியனும் பருப்புக்கீரையும் நூல் பிடித்தாற்போல் வரிசையில் நின்றன. வரிசை பார்ப்பதற்காக முனைகளில் சிவப்புக் குச்சிகளை ஊன்றியிருந்தார்கள். "நாப்பது வருஷத்துல களைக்கு இவ்வளவு மரியாதை நடந்து நான் பார்த்ததில்ல" என்றாள் பில்சுன்.

மத்தியானம் ஒத்திகை. மிஷினுக்குக் 'கெட்டிக்காரன்' என்று மாவட்ட அலுவலகமே பேர் வைத்து விளம்பரப் பலகையும் அடித்திருந்தது. முழங்கால் உயரம், நாலு சக்கரம், முன்னால் ஒரு கண், கீழே மூன்று விரல், முதுகில் கூடை. அது வரிசை வரிசையாகப் போய், நட்ட களையை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கூடையில் போட்டது. யோம் கை தட்டினார். இன்ஹோவுக்கு நெஞ்சு லேசானது.

கோசாங்காரம்மா காகிதக் கோப்பையில் காப்பியை வைத்துக்கொண்டு மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். யோம் போன பிறகு மெல்லக் கூப்பிட்டார்.

"தம்பி, இந்த ஓரத்துல ஒரு கோரை தானா முளைச்சு நிக்குது பாரு. நாங்க நட்டதில்ல. உங்க கெட்டிக்காரரு மூணு தரம் இதைத் தாண்டிப் போயிட்டாரு."

"வெயில் சாய்வா விழுது பெரியம்மா. அதனால இருக்கும்."

கோசாங்காரம்மா களைக்கொத்தைக் கையில் எடுத்தார். காப்பியைக் கீழே வைத்தார். மூலையில் போன வருடத்திலிருந்து நின்ற செவ்வந்தி ஒன்றைக் களைக்கொத்தால் பெயர்த்து, அதே குழியில் திரும்ப வைத்து, மண்ணைத் தள்ளி மூடினார். மிஷின் சுற்றி வந்தது. செவ்வந்தியின் முன்னால் நின்றது. மூன்று விரலையும் விரித்து, அலுங்காமல் குலுங்காமல் அதைப் பிடுங்கிக் கூடையில் போட்டுவிட்டு நகர்ந்தது.

"இவரு செடியப் பார்க்கல தம்பி. மண்ணப் பார்க்கறாரு. எது புதுசா நட்டதோ அது களை. பழசா நின்னா, அது கோரையா இருந்தாலும் வீட்டுக்காரன்."

இன்ஹோவுக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. மூன்று வருடமாக ஆய்வுக்கூடத்தில் பெட்டி பெட்டியாக மண் நிரப்பி, முதல் நாள் களையை நட்டு, மறுநாள் படமெடுத்து, 'இது களை' என்று மிஷினுக்குக் காட்டியவன் அவன். பூச்செடிகளின் படங்களோ, தோட்டங்களில் வருடக்கணக்காக வேரூன்றி நின்றவை. எது சுலபமோ அதை மிஷின் கற்றுக்கொண்டது. இலையைப் பார்த்துப் பழகவில்லை, கிளறிய மண்ணைப் பார்த்துப் பழகியது. மூன்று வருடம் மூன்று படித்தவர்கள் கண்ணில் படாதது, ஒரு கோப்பை காப்பி ஆறுவதற்குள் அந்த அம்மாள் கண்ணில் பட்டுவிட்டது. அவமானத்தில் காது மடல் சுட்டது.

"பெரியம்மா, இதை மேலாளர்கிட்ட..."

"என்கிட்ட ஏன்ப்பா கேக்கறே? உன் மிஷின். சொல்றதும் சொல்லாததும் உன் பொறுப்பு."

"நானே சொல்லிடறேன்" என்றான்.

சொல்லவில்லை. நாளைக்கு யாரும் புதிதாகப் பூச்செடி நடப்போவதில்லை, பிறகென்ன என்று நினைத்தான். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்பது பூனையின் கணக்கு.

மறுநாள் காலை அறுபது பேர் கூடியிருந்தார்கள். ஒலிபெருக்கி, கூடாரம், வரிசையாக நாற்காலி, முதல் வரிசைக்கு மட்டும் தண்ணீர் பாட்டில். பெரிய மனிதர்கள் வந்தால் ஞாபகார்த்தமாக எதையாவது நடாமல் போக மாட்டார்கள். அதற்காக வாசல் பக்கத்தில் ஒரு பைன் மரக்கன்றுக்குக் குழி தோண்டி வைத்திருந்தார்கள். ஆனால் மரத்துக்கும் மிஷினுக்கும் இடையே ஐம்பது அடி. இரண்டும் ஒரே படத்தில் விழாது என்று படம் எடுப்பவர் சொல்லிவிட்டார். உடனே திட்டம் மாறியது. ஏழு செவ்வந்திச் செடி, ஏழு பேர்ப்பலகை, நடுப்பாத்தியிலேயே.

இன்ஹோ அதைக் கேட்டபோது மிஷின் கிளம்ப இருபது நிமிடம் இருந்தது. இருபது நிமிடம் என்பது ஒரு உண்மையைச் சொல்லத் தாராளமான நேரம். அவன் யோமைத் தேடிப் போனான். அவர் மாகாணத் துணை ஆளுநரின் கைக்கு வெள்ளை உறை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன சார்?" என்று திரும்பினார் யோம். முகமெல்லாம் சிரிப்பு.

"ஒண்ணுமில்ல."

வெள்ளைக் கையுறையும் ரிப்பன் கட்டிய மண்வெட்டியுமாக ஏழு பேர் குனிந்து ஆளுக்கு இரண்டு பிடி மண் தள்ளினார்கள். மீதியைக் கோசாங்காரம்மாவும் பில்சுனும் மூடிச் சரிசெய்தார்கள். மூடும்போது கோசாங்காரம்மா நிமிர்ந்து இன்ஹோவை ஒரு பார்வை பார்த்தார். சொல்லிவிட்டாயா என்று கேட்கிற பார்வை. அவன் ஒலிபெருக்கியின் கம்பியைச் சரிசெய்கிறவன் போலத் திரும்பிக்கொண்டான்.

பொத்தான் அழுத்தப்பட்டது. கெட்டிக்காரன் கிளம்பினான். முதல் வரிசைக் களை போயிற்று, கைதட்டல். இரண்டாம் வரிசை, இன்னும் பெரிய கைதட்டல். அப்புறம் அது துணை ஆளுநரின் செவ்வந்தி முன்னால் நின்றது. யாரோ "வாசனை பாக்குது போல" என்றார்கள், சிரிப்பு எழுந்தது. விரல் விரிந்தது. செவ்வந்தி வேரோடு வந்து கூடையில் விழுந்தது. அடுத்தது மாவட்டத் தலைவருடையது. அதுவும் விழுந்தது. அதற்கடுத்தது விவசாயிகள் சங்கத் தலைவருடையது. பேர்ப்பலகைகள் மட்டும் மொட்டையாக நின்றன. ஓரத்தில் தானாக முளைத்த கோரை காற்றில் ஆடிக்கொண்டு பத்திரமாக நின்றது.

சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. இன்ஹோ ஓடிப்போய் மிஷினை நிறுத்தினான். நிமிர்ந்தபோது அறுபது முகமும் அவனைப் பார்த்தன. மூச்சே வரவில்லை.

"மன்னிக்கணும், என் தப்பு!"

சொன்னது அவனில்லை. கோசாங்காரம்மா பாத்திக்குள் இறங்கி வந்துகொண்டிருந்தார். தொப்பியைக் கழற்றிவிட்டிருந்தார். சிவப்புக் குச்சியைக் காட்டினார். "குச்சி ஊனின இடத்துக்குள்ள இருக்கறதெல்லாம் களைன்னு மிஷினுக்குக் கணக்குங்க. பூ வைக்கறதுக்கு முன்னாடி குச்சியைப் பிடுங்கிடுங்கன்னு இஞ்சினியர் தம்பி படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. நான்தான் மறந்துட்டேன்."

அப்படி ஒரு கணக்கே கிடையாது. குச்சி வரிசை பார்க்க ஊன்றியது.

யோம் அந்தப் பொய்யைக் கையெடுத்துக் கும்பிடாத குறையாக ஏற்றுக்கொண்டார். "வயசானா வீட்ல இருக்கணும்மா! பெரிய மனுஷங்க முன்னாடி இப்படியா மானத்தை வாங்கறது!" என்று அறுபது பேர் முன்னால் கத்தினார். மாவட்டத் தலைவருக்கும் முகம் தெளிந்தது. ஒலிபெருக்கியை வாங்கினார். "பார்த்தீங்களா? மிஷின் சொன்னபடி செஞ்சிருக்கு. மறந்தது மனுஷன். மனுஷன் மறப்பான், மிஷின் மறக்காது. அதனாலதான்யா நான் மிஷின் வேணும், மிஷின் வேணும்னு அடிச்சுக்கறேன்!"

குபீரென்று சிரிப்பு. கைதட்டல். துணை ஆளுநர்கூடச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நடுவில் கோசாங்காரம்மா தலை குனிந்து நின்றார். ஒரு கணம் தலையை நிமிர்த்தி இன்ஹோவைப் பார்த்தார். அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் ஐந்து பெண்களுக்கும் கைப்பேசியில் செய்தி போயிற்று, இனி வர வேண்டாம் என்று.

இன்ஹோ நாலு நாள் சோறு இறங்காமல் கிடந்தான். ஐந்தாம் நாள், பத்துப் பாட்டில் சத்துப்பானம் அடங்கிய பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு அவர்களைத் தேடிப் போனான். ஊருக்கு வெளியே வெங்காய வயலில் அறுவடைக் கூலிக்குப் போயிருந்தார்கள். வரப்பில் உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவன் போய் நின்றான்.

"வாங்க இஞ்சினியரு" என்றாள் பில்சுன். "மறுபடி களை நட ஆள் வேணுமா? இந்தத் தடவை உரமும் போட்டுத் தரோம்."

"சும்மா இருடி" என்றார் கோசாங்காரம்மா.

இன்ஹோ இடுப்பு வளையக் குனிந்தான். "என்னை மன்னிச்சிடுங்க பெரியம்மா. நான் பேசியிருக்கணும். உங்க வேலையே போயிடுச்சு. என்னால..." நீட்டிய பெட்டியை யாரும் வாங்கவில்லை. அதை வரப்பில் வைப்பதா, கையிலேயே வைத்திருப்பதா என்றுகூடத் தெரியாமல் நின்றான்.

கோசாங்காரம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தார். கோபமாகப் பேசியிருந்தால் அவனுக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். அவர் சாதாரணமாகப் பேசினார்.

"நான் சொன்னது ஒரு மூச்சு நேரத்துப் பொய் தம்பி. உன் மூஞ்சியைப் பார்த்தேன், வெளுத்துப்போச்சு. சின்னவன் விழுந்துடப் போறானேன்னு பதறிட்டேன். மூச்சு திரும்பினதும் நீயே வாயைத் திறப்பேன்னு நினைச்சேன். பெரியம்மா பொய் சொல்றாங்க, தப்பு என்னுதுன்னு சொல்லுவேன்னு. நின்னு பார்த்தேன். நீ செருப்பைப் பார்த்துட்டு நின்னே."

அவன் இப்போதும் செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேலை போனா போகுது. வெங்காயம் இருக்கு, பூண்டு இருக்கு. ஆனா முப்பத்தெட்டு வருஷத்துல, இவ பூவைக் களைன்னு காட்டினவள்னு ஒரு சொல்லு நான் வாங்கினதில்ல. இப்ப சந்தையில மீன்காரி கேக்கறா, கண்ணு மங்கிடுச்சா அக்கான்னு. நீ இங்க வந்து, வெங்காயத்துக்கு நடுவுல மன்னிப்புக் கேட்டா அது யாருக்குக் கேக்கும்? அங்க அறுபது பேரு இருந்தாங்க. அங்க போய்ச் சொல்லு."

"வெள்ளிக்கிழமை ஒப்பந்தம் கையெழுத்தாகுது. அதே ஆளுங்கதான் வருவாங்க. அங்க சொல்றேன் பெரியம்மா. சத்தியமா சொல்றேன்."

"சரி, சொல்லு" என்றார். பெட்டியைத் திருப்பி எடுத்துப் போகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மாவட்ட அலுவலக மாடியில் அதே முகங்கள் இருந்தன. மேசையில் பட்டுத்துணி, இரண்டு பேனா, சுவரோரம் வாழ்த்து ரிப்பன் கட்டிய ஆர்கிட் தொட்டிகள். இன்ஹோ பேச எழுந்தான். எழுதி வைத்த காகிதத்தை எடுக்கவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

"அன்னைக்குத் தோட்டத்துல நடந்தது கோசாங்காரம்மா தப்பில்ல. அது என் தப்பு. மிஷின்லதான் குறை. எனக்கு முந்தின நாளே தெரியும்."

காப்பி கொடுத்துக்கொண்டிருந்த பெண் தட்டோடு நின்று பார்த்துவிட்டு வெளியே போனாள். மாவட்டத் தலைவரின் புருவம் ஏறியது. பிறகு மெல்ல இறங்கியது. எழுந்து வந்து இன்ஹோவின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"பார்த்தீங்களா இந்தப் பிள்ளையை? கூலிக்கு வந்த ஒரு வயசான அம்மாவோட தப்பைத் தன் தலையில தூக்கிப் போட்டுக்கறான்! இந்தக் காலத்துல எவன் செய்வான்? மிஷின் நல்லா இருக்குங்கறது எனக்கு ஏற்கெனவே தெரியும். மிஷின் பண்ணினவன் மனசும் நல்லா இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. இரண்டு மூன்று பேர் எழுந்து நின்றே தட்டினார்கள். "அடக்கம்யா, அடக்கம்" என்றார் சங்கத் தலைவர். இன்ஹோ "இல்லீங்க, நெஜமாவே..." என்றான். அது யார் காதிலும் விழவில்லை. யோம் மட்டும் அவன் கையைப் பிடித்து நாற்காலியில் இருத்தி, காதருகே குனிந்து, "சொல்லிட்டீங்கல்ல சார்? போதும். உக்காருங்க" என்றார். அவர் கண்ணைப் பார்த்ததும் இன்ஹோவுக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கு அன்றைக்கே தெரியும். மாவட்டத் தலைவருக்கும் தெரியும். குச்சிக் கதையை அந்த அறையில் ஒருவர்கூட நம்பியிருக்கவில்லை. எல்லாருக்கும் அது வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

மறுபடி எழுந்திருக்கலாம். கத்தலாம். சுவரோரத்து ஆர்கிட் ஒன்றைப் பிடுங்கித் தொட்டியில் திரும்ப நட்டு, மிஷினை விட்டுக் காட்டலாம். இவையெல்லாம் அவனுக்குத் தோன்றின. தோன்றியபடியே உட்கார்ந்திருந்தான். சொல்லிவிட்டேன் அல்லவா, நம்பாதது அவர்கள் பாடு என்று உள்ளே ஏதோ ஒன்று இதமாகச் சொன்னது. அந்த இதம்தான் அவனை அருவருக்க வைத்தது. தன் மேல் யாராவது காறித் துப்பினால் தேவலை என்றிருந்தது. பேனாவைக் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டான்.

சனிக்கிழமை காலை கைப்பேசி ஒலித்தது. கோசாங்காரம்மா. எடுக்கக் கை வரவில்லை. மூன்றாம் முறை ஒலித்தபோது எடுத்தான்.

"சொல்லிட்டியாமே தம்பி!" குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "பில்சுனோட நாத்தனாருதான் அங்க காப்பி கொடுக்கறா. தன் காதால கேட்டாளாம். தப்பு என்னுது, அந்தம்மா மேல ஒண்ணுமில்லன்னு எல்லார் முன்னாடியும் நின்னு சொன்னாராம்னு ஓடி வந்து சொன்னா. எனக்கு அழுகையே வந்துடுச்சு."

"பெரியம்மா, அது..."

"அன்னைக்கு வயல்ல கொஞ்சம் கடுமையாப் பேசிட்டேன். மனசுல வச்சுக்காதே. மீன்காரிகிட்டயும் சொல்லிட்டேன். இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு முதுகெலும்பு இல்லன்னு பில்சுன் சொல்லிட்டே இருப்பா, அவ மூஞ்சியை நீ பார்க்கணுமே!"

இன்ஹோ சுவரில் சாய்ந்துகொண்டான். வெங்காய வயலில் அவர் சொன்னதெல்லாம் இப்போது தேன் போலத் தோன்றியது.

"ஆமா தம்பி, அப்ப விஷயம் தெளிவாயிடுச்சுல்ல. நாங்க அஞ்சு பேரும் திங்கக்கிழமை தோட்டத்துக்கு வந்துடலாம்தானே? வெங்காயக்காரன் இன்னும் ஒரு வாரம் கேட்டான். முடியாதுப்பா, எங்களுக்கு எங்க தோட்டம் இருக்குன்னு சொல்லிட்டேன்."

அவன் வாயைத் திறந்தான்.

"கேட்டுச் சொல்றேன் பெரியம்மா" என்றான்.

"கேளு, கேளு. நீ சொன்னாக் கேப்பாங்க" என்று அவர் கைப்பேசியை வைத்தார். கேட்பதற்கு ஒருவரும் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். திங்கட்கிழமை காலைதான் பன்னிரண்டு மிஷினில் முதல் நான்கு, லாரியில் தோட்டத்துக்கு வந்து இறங்குவதாக இருந்தது.